பிரிட்ஜா, இம்ப்ளான்ட்டா, கழட்டி மாட்டுற செட்டா? முதல்ல பக்கத்து பல்லைப் பாருங்க

ஒரு பல்லு போயிடுச்சுன்னா எது ஸ்ட்ராங், எது ரொம்ப நாள் வரும்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. நான் கேக்கச் சொல்றது வேற: அந்த இடைவெளிக்கு ரெண்டு பக்கமும் இருக்குற பல்லு எப்படி இருக்கு?

பிரிட்ஜ்ல நடுவுல ஒரு டம்மி பல்லு, அதைத் தாங்குறதுக்கு ரெண்டு பக்கத்து பல்லையும் சுத்தி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் சீவி கேப் (பல்லு மேல மாட்டுற உறை) போடணும், சீவின எனாமல் திரும்ப வளரவே வளராது. எனக்கு கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்தப்போ ரெண்டு பக்கமும் ஒரு குறையும் இல்லாத பல்லு, ரெண்டு மூணு வாரத்துல வேலை முடிஞ்சிடும்னு சொன்னாங்க, சரின்னுட்டேன். எட்டு வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் அடியில ஃப்ளாஸ் (பல்லிடுக்கை சுத்தம் பண்ற நூல்) விட்டு எடுத்தா கெட்ட வாடை, வலியே இல்ல, ஆனா எக்ஸ்ரேல பார்த்தா பின்பக்க பல்லு கேப்புக்குள்ளயே சொத்தை. பிரிட்ஜையே அறுத்து எடுத்துட்டு நல்லா இருந்த பல்லுக்கு ரூட் கெனால் பண்ணாங்க, அது இன்னும் மனசுல உறுத்துது.

அதே பிரிட்ஜ் எங்க அக்காவுக்கு சரியான முடிவு. அவங்களுக்கு ரெண்டு பக்கமும் ஏற்கனவே பெரிய ஃபில்லிங், எப்படியும் கேப் போட வேண்டிய பல்லுங்க, அதனால புதுசா எதையும் இழக்கல.

பக்கத்து பல்லு ரெண்டும் நல்லா இருந்தா என் ஓட்டு இம்ப்ளான்ட்டுக்குத்தான், அதாவது தாடை எலும்புல டைட்டானியம் திருகு வெச்சு அதுமேல பல்லு மாட்டுறது. டைட்டானியம் எலும்போட ஒட்டிக்கும்னு 1950கள்ல ஸ்வீடன்ல பிரோனமார்க்னு ஒரு டாக்டர் முயல் எலும்புல கண்டுபிடிச்சாரு, 1965லயே மனுஷங்களுக்கு வெச்சுட்டாரு. அதாவது இது நேத்து வந்த புதுசு இல்ல. பக்கத்து பல்லைத் தொடவே வேண்டாம், பல்லு போன இடத்துல எலும்பு கரையுறதையும் குறைக்கும். ஆனா பொறுமை வேணும், எலும்போட சேரவே பொதுவா மூணுல இருந்து ஆறு மாசம் ஆகும். சிகரெட் பிடிக்கிறவங்க, சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க முதல்ல அதை சரி பண்ணணும். இம்ப்ளான்ட்டுக்கு சொத்தை வராதுங்குறது உண்மைதான், அதுக்காக சுத்தம் பண்ணாம விட்டா சுத்தி ஈறு அழுகி எலும்பு கரைஞ்சு கழண்டே போயிடும்.

முன்பல்லுன்னா மேரிலாண்ட் பிரிட்ஜையும் கேளுங்க, நிறைய பேருக்கு இது தெரியவே இல்ல. பக்கத்து பல்லோட பின்னாடி ஒரு மெல்லிய இறக்கை மாதிரி ஒட்டுவாங்க, சீவல் ரொம்பக் கம்மி, தாடை வளர்ச்சி முடியாததால இம்ப்ளான்ட் வைக்க முடியாத பசங்களுக்கு நல்ல வழி. ரெண்டு இறக்கை வெச்சு அதுல ஒண்ணு மட்டும் விட்டுப்போனா தெரியாமலே அடியில சொத்தை பிடிக்கும், அதனால ஒத்தை இறக்கையே மேல்.

கழட்டி மாட்டுற செட்டு பல பல்லு போனவங்களுக்கும், ஆபரேஷன் முடியாதவங்களுக்கும். ஒத்தைப் பல்லுக்குன்னா கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கலாம்.

எதுவுமே வைக்காம பல வருஷம் விட்டா எதிர்ப் பல்லு இறங்கி வரும், பக்கத்துப் பல்லு சாயும், அப்புறம் எதை வைக்கவும் இடம் சரியா இருக்காது.

ஏற்கனவே பிரிட்ஜ் போட்டவங்க இன்னைக்கே ஒண்ணு பண்ணுங்க: முனை விறைப்பா இருக்குற சூப்பர் ஃப்ளாஸை டம்மி பல்லுக்கு அடியில நுழைச்சு, ரெண்டு பக்கமும் கேப்போட ஓரம் வரைக்கும் முன்னும் பின்னும் இழுத்துட்டு, எடுத்து மோந்து பாருங்க. நல்லா சுத்தம் பண்ணியும் தினமும் வாடை அடிச்சா வலி வர்ற வரைக்கும் காத்திருக்காம டாக்டர்கிட்ட போய் எக்ஸ்ரே எடுத்துடுங்க.