2.7 கிலோமீட்டருக்கு 30 நிமிடமா? ஆர்க்னித் தீவுகளில் தூரக் கணிப்பான்களுடன் ஆறு ஆண்டுகள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னித் தீவுகளில் பள்ளிக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் காட்டும் இணையக் கணிப்பான்கள் மூன்றை இக்காலம் முழுவதும் பயன்படுத்தி வருகிறேன். அவை காட்டும் தூரத்தை இன்றும் நம்புகிறேன்; நேரத்தை நம்புவதை முதல் மாதத்திலேயே விட்டுவிட்டேன்.

அந்த மாதம் வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்குப் போக வேண்டியிருந்தது. கணிப்பான் 30 நிமிடம் என்றதால், விமானம் கிளம்பி அரை மணி கழித்துக் கார் அனுப்பினால் போதும் என்று பள்ளிக்குச் சொல்லியிருந்தேன். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைச் சரிசெய்வதற்குள் அடுத்த தீவின் ஓடுபாதை கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. கார் வரும்வரை கடற்காற்றில் கணினிப் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றேன்.

1967 முதல் லோகன்ஏர் என்ற ஸ்காட்லாந்து விமான நிறுவனம் இயக்கிவரும் இந்தச் சேவைதான் உலகின் மிகக் குறுகிய வழக்கமான பயணியர் விமானப் பயணம். தூரம் 2.7 கிலோமீட்டர், அட்டவணையில் 2 நிமிடம், காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 விநாடியில் கடந்திருக்கிறார்கள். கணிப்பான்களோ தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற ஜெட் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கென்று 30 நிமிடத்தைக் கூட்டுகின்றன. சென்னையிலிருந்து தில்லிக்கு அது ஓரளவு பொருந்தும். இங்கே பறப்பது எட்டுப் பேர் அமரும் பிரிட்டன்-நார்மன் ஐலண்டர். அதன் வேகம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். உயரே ஏறவும் தேவையில்லை, ஓடுபாதைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.

தூரக் கணக்கில் குறை மிகச் சிறியது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு பெருவட்டத் தொலைவை, அதாவது உருண்டையான பூமியின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள மிகக் குறுகிய தொலைவை, கணிப்பதால், அந்தப் புள்ளி சற்று நகர்ந்தாலே 2.7 என்பது 2.8 ஆகிவிடுகிறது. ஆர்க்னியின் முக்கிய நகரான கிர்க்வாலிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்குள்ள 44 கிலோமீட்டரில் அது பொருட்டே இல்லை. ஆனால் அதே பயணத்தில் விமானம் வெஸ்ட்ரேயில் இறங்கி ஏறுமா, நேரே போகுமா என்பது எந்தக் கணிப்பானுக்கும் தெரியாது. கிர்க்வாலிலிருந்து, இன்னும் வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் சம்பரா விமான நிலையத்துக்கு 137 கிலோமீட்டர் என்றும் 40 நிமிடம் என்றும் காட்டுகிறது. அது உண்மைக்கு நெருக்கமாக அமைவது, வேகத்தை அதிகமாகவும் கூட்டு நேரத்தை அதிகமாகவும் எடுத்த இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால்தான்.

எந்தக் கணிப்பானிலும் சேராத நேரம் ஒன்று உண்டு. கிளம்புமுன் நம்மையும் பெட்டியையும் எடை போட்டு, எடைக்கேற்ப இருக்கை தருகிறார்கள். சில நாள் விமானிக்குப் பக்கத்து இருக்கையே கிடைக்கும். அவரே திரும்பிப் பார்த்துப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லி முடித்த பிறகுதான் விசிறிகள் சுழலத் தொடங்கும். இங்குள்ளவர்கள் 'ஹார்' என்று அழைக்கும் கடல்மூடுபனி இறங்கிவிட்டாலோ அன்றைய பயணமே இல்லை.

இப்போது கணிப்பானிலிருந்து தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிமிடத்துக்கு நான்கு கிலோமீட்டர் என்று வகுத்து, ஏறி இறங்க ஐந்து நிமிடம் சேர்க்கிறேன். மேகம் தாழ்வாக இருக்கும் காலைகளில் மாற்று உடை ஒன்றும் பைக்குள் போகிறது.