சேலத்துல மரத்தை வேரோட எடுத்து வேற இடத்துல நட்டுத் தர்ற சர்வீஸ், எங்க அனுபவம்

கன்னங்குறிச்சி பக்கம் எங்க தெருவுல ரோடு அகலப்படுத்த பெரிய அரசமரத்தை வெட்டணும்னு பேச்சு வந்ததும், தெருக்காரங்க எல்லாம் காசு போட்டு, மரத்தை வேரோட இடம் மாத்துற ஒரு டீமை கூப்பிட்டோம். அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுப்பேன்.

ஒரே நாள்ல ஜேசிபி விட்டு புடுங்கல, அதுதான் ரொம்ப பிடிச்சது. முதல்ல ரெண்டு பக்கம் மட்டும் பள்ளம் எடுத்து, வேரை ரம்பத்துல சுத்தமா அறுத்து, மணலும் தேங்கா நார்க்கழிவும் போட்டு மூடி தண்ணி விட்டுட்டு போயிட்டாங்க, சில வாரம் கழிச்சு கிளறிப் பாத்தா அறுத்த இடத்துல வெள்ளை வெள்ளையா சல்லிவேர் விட்டிருந்துச்சு, அதுக்கப்புறம்தான் மத்த ரெண்டு பக்கம் கை வச்சாங்க. கிளையைக் கழிச்சு வெட்டுன இடத்துல எல்லாம் சாணி பூசி சாக்கு கட்டுனாங்க. மேஸ்திரி அடிமரத்துல வடக்குப் பக்கமா பெயிண்ட்ல ஒரு கோடு போட்டாரு, எதுக்குண்ணேன்னு கேட்டா, "புது இடத்துலயும் இந்தப் பக்கம் வடக்கதான் பாக்கணும் தம்பி, நிழல்லயே இருந்த பட்டை திடீர்னு வெயில் பட்டா வெந்துரும்"னாரு.

கிரேன் வாடகைதான் பில்லுல பெருசு. ஈபி லைன் ஆஃப் பண்ண முன்னாடியே எழுதிக் குடுத்துருங்க.

ஒரு ஸ்டார் குறைச்சது தண்ணி விஷயத்துல. நட்ட கொஞ்ச நாளைக்கு டேங்கர் ஒழுங்கா வந்துச்சு, அப்புறம் நாங்க போன் பண்ணாதான் வந்துச்சு. இடம் மாத்துன மரம் பாதி சாகுறதே இந்த கேப்லதான், அதனால ரெண்டு கோடைக்கு தண்ணி விடணும்னு அக்ரிமெண்ட்லயே எழுதி வாங்கிக்கோங்க. இப்போ செம்பு கலர்ல கொழுந்து தள்ளியிருக்கு, பாக்கவே சந்தோஷமா இருக்கு.

தெருமுனையில இருந்த கிழட்டுப் புளியமரத்தையும் கேட்டோம், அது பிழைக்காது, காசு வேணாம்னு சொல்லிட்டாங்க. அரசு, ஆல், அத்தி மாதிரி பால் மரம் சீக்கிரம் வேர் விடும், வயசான புளி கஷ்டம். நாலுவழிச் சாலைக்காக நம்ம ஹைவேஸ் ஓரம் நம்பர் போட்டு நின்ன புளியமரங்க எத்தனை போச்சு, அதுல ஒண்ணைக்கூட இப்படி காப்பாத்தியிருக்க முடியுமாங்கறதே சந்தேகம். அதனால இந்த சர்வீஸ் இருக்குங்கற தைரியத்துல வெட்ட சம்மதிக்காதீங்க, ரோட்டை கொஞ்சம் வளைச்சுப் போட முடியுமான்னு முதல்ல சண்டை போடுங்க.

பொது இடத்து மரம்னா கலெக்டர் தலைமையில இருக்குற மாவட்ட பசுமைக் குழுவுக்கு மனு குடுக்கணும். வெட்டப் போறாங்கன்னு காதுல விழுந்த உடனேயே டீமைக் கூப்பிடுங்க, கடைசி வாரத்துல கூப்பிட்டா வேர் விட டைம் இருக்காது.