பார்க்கின்சன்ஸ் மறதிக்கு அக்குபஞ்சர்: ரெண்டு வருஷத்துல நாங்க பார்த்தது

அப்பாவுக்கு பார்க்கின்சன்ஸ் வந்து பல வருஷம் ஆச்சு. இப்ப கை நடுக்கத்தைவிட பெரிய பிரச்சனை மறதியும் மந்தமும்தான். அதுக்காக அக்குபஞ்சர் ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு, பலன் இருக்கான்னு நிறைய பேர் கேக்குறதால மொத்தமா எழுதிடுறேன்.

நம்ம ஊர்ல அக்குபஞ்சர்னு போர்டு வெச்சிருக்குற நிறைய இடத்துல ஊசியே கிடையாது. நாடி பார்த்துட்டு ஏதோ ஒரு புள்ளியில விரலால தொட்டு அனுப்பிடுவாங்க, கூடவே இங்கிலீஷ் மருந்தையெல்லாம் நிறுத்துங்கன்னு சொல்றவங்களும் உண்டு. பார்க்கின்சன்ஸ்காரங்க அந்தப் பேச்சை மட்டும் கேட்டுடாதீங்க. பார்க்கின்சன்ஸுக்கு குடுக்குற முக்கிய மாத்திரையான லெவோடோபாவை திடீர்னு நிறுத்தினா உடம்பு இறுகி, ஜுரம் ஏறி, நினைவு தப்பி ஐசியூ வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. நாங்க முதல்ல போன இடத்துல இதைத்தான் சொன்னாங்க, அம்மா அப்பவே செருப்பை மாட்டிக்கிட்டு கிளம்பிட்டாங்க.

அப்புறம் ஊசி போடுற ஒரு அம்மா கிடைச்சாங்க, மாத்திரையில கை வைக்கவே மாட்டேன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. உச்சந்தலையில பாய்ஹுய்னு ஒரு புள்ளி, அதைச் சுத்தி சிஷென்சோங்னு நாலு புள்ளி, கை கால்ல சிலது. சில நாள் ஊசியில கிளிப் மாட்டி லேசா கரண்ட்டும் வைப்பாங்க. வலின்னு அப்பா சொன்னதில்ல, பாதி நேரம் தூங்கிடுவாரு. டிபிஎஸ் (நடுக்கத்துக்காக மூளைக்குள்ள வெக்கிற மின்கருவி), பேஸ்மேக்கர் வெச்சிருக்குறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறவங்க முன்னாடியே சொல்லிடணும், கரண்ட் சமாச்சாரம் விளையாட்டில்ல.

சரி, பலனுக்கு வரேன். தோள்பட்டை இறுக்கம் நல்லாவே குறைஞ்சுது, ராத்திரி தூக்கம் பரவால்ல, முகத்துல கொஞ்சம் களை வந்துச்சு. மறதி? ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல அப்பா பளிச்சுன்னு பேச ஆரம்பிச்சாரு, அத்தை "ஊசி போட்டதுலதான்டா அண்ணன் தெளிவாயிட்டாரு"ன்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டு சொல்லிட்டாங்க. ஆனா அதே சமயத்துலதான் நியூரோ டாக்டர், நடுக்கத்துக்குன்னு குடுத்துட்டு இருந்த ட்ரைஹெக்சிஃபெனிடிலை படிப்படியா குறைச்சு நிறுத்தினாரு. அது நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின்ங்கிற மூளை ரசாயனத்தை தடுக்குற மருந்து, வயசானவங்களுக்கு குழப்பத்தையும் மறதியையும் அதுவே உண்டாக்கும். அப்ப தெளிவு எதுனால வந்துச்சு? எனக்கு மாத்திரை மேலதான் சந்தேகம்.

நடுவுல அந்த அம்மா ஊருக்குப் போயிட்டதால சில மாசம் ஊசியே இல்ல. தோள் திரும்ப இறுகிடுச்சு, தூக்கமும் கெட்டுச்சு, ஆனா யோசனையில ஒரு வித்தியாசமும் தெரியல. பார்க்கின்சன்ஸ் மறதி ஒரு தினுசு, விஷயம் உள்ளேயே இருக்கும், எடுக்கத்தான் லேட்டாகும். பேரன் பேரை முதல் எழுத்து எடுத்துக் குடுத்தா டக்குனு சொல்லிடுவாரு. காபி போடுறதுல எது முதல்ல எது அப்புறம்ங்குறதுலதான் தடுமாறுவாரு. ஊசி போட்ட காலத்துலயும் அப்படித்தான், போடாதப்பவும் அப்படித்தான். மோக்கான்னு 30 மார்க்குக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, கடிகாரம் வரையணும், 100லேர்ந்து ஏழேழா கழிக்கணும், அதுல மார்க் மெதுவா இறங்கிக்கிட்டேதான் இருக்கு.

சைனாவுல இதைப் பத்தி ஆராய்ச்சிகள் வந்திருக்கு, மருந்தோட சேர்த்து ஊசி போட்டா மார்க் ஏறுதுன்னு சிலதுல இருக்கு. ஆனா நிறைய சின்ன ஆராய்ச்சிங்க, நிஜமா போடாம போட்ட மாதிரி காட்டுற போலி ஊசி வெச்சு ஒப்பிடுறதும் கஷ்டம். பார்க்கின்சன்ஸ்ல இது இன்னும் சிக்கல், ஏன்னா வெறும் நம்பிக்கையே, இந்த நோய்ல குறைஞ்சு போற டோபமைன்ங்கிற ரசாயனத்தை மூளையில சுரக்க வைக்கும்னு 2001லயே கனடாவுல ஸ்கேன் எடுத்து காட்டியிருக்காங்க. அதனால முதல் மாச சந்தோஷத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

ஒரு தடவை அப்பா திடீர்னு யாரு என்னன்னு தெரியாம உளற ஆரம்பிச்சாரு. ஊசிக்காரம்மாவே இது என் வேலை இல்ல ஆஸ்பத்திரிக்கு போங்கன்னு அனுப்பினாங்க, பார்த்தா யூரின் இன்ஃபெக்ஷன். அப்படி சொல்ற ஆளா பார்த்து போங்க.

இப்ப மறதிக்கு ரிவாஸ்டிக்மின் பேட்ச் ஒட்டுறோம், ஊசி தோளுக்கும் தூக்கத்துக்கும் மட்டும்னு ஆயிடுச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம்னு குறைச்சுட்டு, மிச்சப்படுற காசுல பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கே வர சொல்லியிருக்கோம்.