பழைய ஓட்டையிலேயே ஊசி: காந்தி வீதியில் ஷூவுக்கு சோல் மாற்றிய அனுபவம்

என் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். 2016-இல் அவர் பிரான்சிலிருந்து ஊருக்கு வந்தபோது தன்னுடைய கறுப்புத் தோல் ஷூ ஒன்றை எனக்குக் கொடுத்தார். பாராபூட் கம்பெனியின் மிக்காயேல் மாடல். இரண்டு வருடம் அவர் போட்டது, எனக்கும் அதே அளவு. "சோல் தேஞ்சா மாத்திக்கடா, மேல் தோலு உன் பிள்ளைக்கும் வரும்" என்றார்.

நான் ஒயிட் டவுன் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் இருக்கிறேன். ஒரு ஷிப்டுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் கல் தரையில் நிற்கும் வேலை. அதற்கு முன்பு வருடத்துக்கு ஒரு ஷூ வாங்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா கொடுத்ததைப் போட்ட பிறகு ஆறு வருடம் வேறு ஷூ வாங்கவில்லை, மாலையில் குதிகால் வலியும் இல்லை.

2022-இல் சோல் தேய்ந்தது. அப்போது ஒரு கடையில் கொடுத்தேன். ஏசி, கண்ணாடிக் கதவு, ரசீது எல்லாம் உண்டு. மூன்றே நாளில், 650 ரூபாய்க்குப் புது சோல் போட்டுக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. பழைய சோலைக் கழற்றாமல் மெஷினில் தேய்த்து அதன் மேலேயே ஒரு மெல்லிய ஷீட்டை சொல்யூஷன் போட்டு ஒட்டியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஓரத்தைச் சமமாக்குகிறோம் என்று தேய்த்ததில் சுற்றுத் தையலும் இரண்டு இடங்களில் அறுந்திருந்தது.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். எங்கள் வீடு ரெயின்போ நகரில். அந்த மழையில் எங்கள் தெரு எப்படி இருந்தது என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷூ அலமாரியின் கீழ்த்தட்டு ஒன்றரை நாள் தண்ணீருக்குள் இருந்தது. வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் ஒட்டிய ஷீட் முன்பக்கம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. உள்ளே சேறு. பெரியப்பா அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். அதை வெளியே எறிய எனக்கு மனம் வரவில்லை.

பிரான்சுக்கே அனுப்பினால் கம்பெனியிலேயே சோல் மாற்றித் தருவார்கள். கூரியர் செலவையும், திரும்பி வரும்போது சுங்கத்தில் படும் பாட்டையும் விசாரித்துவிட்டு அந்த எண்ணத்தை விட்டேன். செய்தித்தாளைத் திணித்து அப்படியே வைத்திருந்தேன். ஹோட்டலில் வேலை செய்யும் டிரைவர் அண்ணன் ஒருவர்தான் காந்தி வீதியில் ஷூ, செருப்பு தைக்கும் அண்ணனைச் சொன்னார்.

கடைக்குப் பெயர் இல்லை, பலகையும் இல்லை. நேரு வீதி சந்திப்பிலிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் நடைபாதையில் ஒரு நீலத் தார்ப்பாய். அதன் கீழே மரப்பெட்டி, கால் வடிவத்தில் ஓர் இரும்பு, சுவரில் சாய்த்து வைத்த ரப்பர் ஷீட்டுகள். வயது அறுபதை ஒட்டி இருக்கும். ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ செய்யும் ஃபேக்டரி ஒன்றில் பதினான்கு வருடம் இருந்தவர் என்பது பேச்சுவாக்கில் பிறகுதான் தெரிந்தது.

ஷூவை வாங்கியதும் அவர் சோலைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டைத்தான் பார்த்தார். மேல் தோலும் சோலும் சேரும் இடத்தில் ஷூவைச் சுற்றி ஒரு தோல் வார் ஓடும். வெல்ட் என்பார்கள். இந்த மாடலில் அந்த வாரில் இரண்டு வரிசைத் தையல் வெளியே தெரியும். ஒன்று படுக்கைவாட்டில் வாரை மேல் தோலோடும் உள்ளே இருக்கும் இன்சோலோடும் பிடிக்கிறது. இன்னொன்று மேலிருந்து கீழாக வாரைச் சோலோடு பிடிக்கிறது. நார்வே தையல் என்று பெயர். இரண்டாவது தையலை மட்டும் பிரித்தால் சோல் தனியாக வந்துவிடும், மேல் தோலுக்கு ஒரு கீறல்கூட விழாது. மாற்ற முடிகிற மாதிரியே செய்த ஷூ இது.

கட்டை விரலால் வாரை ஓட்டிக்கொண்டே வந்து, அறுந்த இடத்தில் நிறுத்தினார்.

"இத யாரு தம்பி இப்டி தேச்சது?"

சொன்னேன்.

"இது ஒட்டுற ஷூ இல்ல, தச்ச ஷூ. தச்சதத் தச்சுத்தான் குடுக்கணும். பத்து நாள் ஆவும். அவசரம்னா வேற எடம் பாருங்க."

எனக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது. விலை கேட்டேன். சோல், ஹீல், தையல் சேர்த்து 1,600. அறுந்த இடத்தில் வாருக்கு ஒட்டுப் போட 200. நான் பேரம் பேசவில்லை. முதல் நாளே ஒரு ஜோடிக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன், அதற்குப் பிறகு குறைத்துக் கேட்க வாய் வராது.

ஷூ முதலில் நான்கு நாள் சும்மா காய்ந்தது. தோலுக்குள் ஈரம் இருக்கும்போது தைத்தால் பிறகு தோல் சுருங்கித் தையல் தளரும் என்றார். வெயிலில் வைக்கக் கூடாது, ஹேர் டிரையர் காட்டவே கூடாது. தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை போய் வெடித்துவிடும். நிழல், காற்று, உள்ளே தாள், அவ்வளவுதான். மேலே வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து எடுத்தார். கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாள் எனக்கு வார விடுப்பு. ஒரு காய்கறிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார், அன்று முழுக்கப் பார்த்தேன்.

பழைய தையலை ஒவ்வொன்றாக அறுத்துக் குறடால் சோலை இழுத்தபோது உள்ளே இருந்தது எனக்கு ஆச்சரியம். இன்சோலுக்கும் சோலுக்கும் நடுவே ஒரு பள்ளம், அதில் கார்க். வருடக்கணக்காக நடந்து நடந்து என் பாதத்தின் அச்சு அதில் பதிந்திருந்தது. இந்த மாதிரி ஷூ நாளாக ஆகக் காலுக்கு இதமாவது இதனால்தான். ஆனால் வெள்ளத்தில் ஊறி அது பொடிந்திருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, கார்க் ஷீட்டில் துண்டு வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தினார். இதைச் செய்யாமல் மேலே சோலை மூடியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

வாரில் அறுந்த இடங்களுக்குப் பெட்டியிலிருந்து செம்பழுப்பு நிறத் தோல் ஒன்றை எடுத்தார். மரப்பட்டையில் பதப்படுத்தியது. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் பதப்படுத்துவார்கள். இப்போது பெரும்பாலும் குரோம் உப்பு. குரோம் தோல் மெத்தென்று இருக்கும், மேலுக்கு நல்லது. வாருக்கு விறைப்பான பட்டைத் தோல்தான் வேண்டும் என்றார். ஒட்டின் இரண்டு நுனியையும் சரிவாகச் சீவி, பழைய வாரின் சரிவோடு பொருத்தியதும் விரல் வைத்துத் தடவினேன். எங்கே சேர்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

அப்புறம் தையல். குத்தூசியின் நுனியில் சின்னதாக ஒரு கொக்கி இருக்கிறது. மேலிருந்து வாரில் குத்துகிறார். கீழே இடது கையில் இருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டுகிறார். ஊசியை மேலே இழுத்தால் நூல் ஒரு கண்ணியாக வருகிறது. அந்தக் கண்ணிக்குள் மேல் நூலின் நுனியை நுழைத்து, இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் இழுக்கிறார். இறுகும்போது 'க்ரக்' என்று ஒரு சத்தம். நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இழுத்து இழுத்து ஏற்கெனவே மெழுகேற்றி வைத்திருக்கிறார். ஊசித் துளைக்குள் தண்ணீர் இறங்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த மெழுகு. சோலின் அடியில் ஓரத்தை ஒட்டி மெல்லிய காடி வெட்டியிருந்தார். நூல் அதற்குள் படுத்துக்கொள்கிறது, தரையில் உரசாது.

ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் அவர் கை ஒரு விநாடி நின்றது. ஏன் என்று கேட்டேன்.

"பழைய ஓட்டையத் தேடுறேன். அதுலயே ஊசி போவணும். புதுசா ஓட்டை போட்டா ஸ்டாம்ப் ஓரம் மாதிரி வாரு கிழிஞ்சி வந்துரும்."

இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். பிரான்சில், ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில், ஒரு தொழிற்சாலையில் யாரோ மெஷினில் போட்ட ஓட்டைகள் அவை. புதுச்சேரி நடைபாதையில் இந்த அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து அதே வழியாகத் தைக்கிறார். ஒரு ஷூவைச் சுற்றிவர ஒன்றே முக்கால் மணி நேரம். நடுவில் செருப்பு வார் தைக்க வந்த இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டார், தையலை நடுவில் நிறுத்தவில்லை.

கடைசியில் ஓரத்தைக் கத்தியால் சீவி, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கி, கறுப்பு மை தடவி மெழுகு தேய்த்தார்.

குறையும் சொல்ல வேண்டும். பாராபூட்டின் பெயரே பிரேசிலில் ரப்பர் ஏற்றுமதியான பாரா துறைமுகத்திலிருந்து வந்தது. ரப்பர் சோலை அவர்களே வார்த்துச் செய்வார்கள், அந்த வரிப்பள்ளம் வேறு எதிலும் வராது. அண்ணன் போட்டது சென்னைப் பெரியமேட்டிலிருந்து வரும் 6 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட். உழைக்கும், ஆனால் வழவழவென்று இருக்கும். முதல் வாரம் ஈரத் தரையில் எனக்கு இரண்டு முறை வழுக்கியது. திரும்பக் கொண்டுபோனபோது உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. முதலிலேயே செய்திருக்கலாம். உங்கள் வேலையை ஒப்படைக்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். தையல் நூலும் பழைய நூலின் நிறம் இல்லை, உற்றுப் பார்த்தால் தெரியும். பத்து நாள் என்றது பன்னிரண்டு நாள் ஆனது. ரசீது கிடையாது. ஷூவுக்குள் உங்கள் பெயர் எழுதிய சீட்டை நீங்களே போட்டுவிடுங்கள்.

எல்லா ஷூவையும் அவர் வாங்குவதில்லை. அதே வாரம் என்னுடைய டிரெக்கிங் ஷூ ஒன்றையும் கொண்டுபோனேன். மூன்று வருடமாகப் பெட்டியோடு அலமாரியில் இருந்தது, மொத்தம் ஐந்து முறை போட்டிருப்பேன். அவர் சோலை விரலால் அழுத்தியதும் மைசூர்பாகு மாதிரி உதிர்ந்தது. அது பாலியூரித்தேன் நுரை சோல். காற்றில் இருக்கும் ஈரமே அந்த நுரையை உள்ளுக்குள் மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. நம் ஊர் போலக் கடலோர ஈரக் காற்று இருக்கும் இடத்தில் எடுத்துப் பூட்டி வைத்தாலும் தப்பாது. "இதுல ஆணி அடிக்கவோ நூல் போடவோ பிடிமானம் இல்ல, உங்க காச வாங்கமாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஷூவை 4,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன்.

அதனால் அவரிடம் போவதற்கு முன் உங்கள் ஷூவைப் பக்கவாட்டில் பாருங்கள். சுற்றி ஓடும் வாரும், அதில் நிஜத் தையலும் இருந்தால் தைரியமாகக் கொண்டுபோகலாம். சில ஷூக்களில் அழகுக்காகத் தையல் மாதிரி அச்சு மட்டும் குத்தியிருப்பார்கள். இன்சோலின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உறையைத் தூக்கிப் பார்த்து, உள்ளே சுற்றுத் தையல் தெரிந்தால் அது பிளேக் தையல். அதையும் மாற்றலாம், ஆனால் ஊசி ஷூவுக்கு உள்ளே இறங்க வேண்டும். அதற்கான மெஷின் தன்னிடம் இல்லை என்கிறார். முழுக்க ஒட்டிய ஷூவுக்கு ஓரத் தையல் போட்டுத் தருவார், 150 ரூபாய். தோல் நன்றாக இருந்தால் அதுவும் ஒரு வருடம் தாங்கும்.

சோல் மாற்றி இப்போது எட்டு மாதம் ஆகிறது. வாரத்தில் ஆறு நாள் போடுகிறேன், ஒரு தையல் விடவில்லை. இடது ஷூவில் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் பாலிஷ் போடும்போது கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது.

காலை பத்து மணிக்கு மேல் இருப்பார், மாலை ஏழு வரை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீதி முழுக்க சண்டே மார்க்கெட் கடைகள் என்பதால் வரமாட்டார். பெரிய மழை என்றாலும் இல்லை. முழு சோல் மாற்றுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அளவு கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை பெரியமேடு போகும் ஆளிடம் சொல்லி ஷீட் வரவழைத்து வைத்துவிடுவார்.