திரும்பும் டிக்கெட்டைப் பார்த்துச் செய்த பல் வைத்தியம்

தெரிந்தவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "நீங்க வெளிநாட்டுல போய்ப் பல் கட்டிக்கிட்டு வந்தீங்களே, அந்த கிளினிக் நம்பர் கொடுங்க, நானும் போகலாம்னு இருக்கேன்" என்றார். போய்வந்த முதல் மாதம் எல்லோரிடமும் பல்லைக் காட்டி நான் பெருமையாகப் பேசியதை அவர் மறக்கவில்லை. அதற்கப்புறம் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது தப்பு. என் பேச்சை நம்பி ஒருவர் டிக்கெட் எடுக்கப் போகிறார் என்றதும் அன்றிரவே உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

எனக்கு மேல்வரிசை வலது பக்கத்தில் கடைவாய்ப் பற்கள் இரண்டு இல்லை. எடுத்துப் பல வருடமாகிவிட்டது. பல் போன இடத்தில் தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே வரும். மேல் கடைவாய்க்கு நேர் மேலே சைனஸ் என்கிற காற்றறை வேறு இருக்கிறது. அதன் தரையும் நாளாக ஆகக் கீழே இறங்கும். நான் வழக்கமாகப் பார்க்கும் பல் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "முதலில் சைனஸ் தரையை உயர்த்தி எலும்புத் தூள் வைக்க வேண்டும். அது ஆற ஆறேழு மாதம். பிறகு இம்ப்ளாண்ட், அதாவது பல் வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு. அது எலும்போடு சேர இன்னும் சில மாதம். கடைசியில்தான் அதன்மேல் பல் மாதிரி கேப்" என்றார். ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும் வேலை.

தொகையைச் சொன்னபோது மலைத்துவிட்டேன். அதை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு முழுக்க அந்த நூறை வைத்தே கணக்குச் சொல்கிறேன். யாருக்கு எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் விகிதம் புரியும்.

அன்றே இணையத்தில் தேடினேன். வெளிநாட்டு கிளினிக் ஒன்றின் பக்கத்தில் எண்ணைக் கொடுத்த பத்தாவது நிமிடம் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண்மணி பேசினார். மிகவும் அன்பாகப் பேசினார். பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் போனில் எடுத்து அனுப்பச் சொன்னார். முழுத் தாடையும் தெரிகிற தட்டையான எக்ஸ்ரே அது. அனுப்பிய ஒரு மணி நேரத்துக்குள் திட்டம் வந்துவிட்டது: இரண்டு இம்ப்ளாண்ட், இரண்டு கேப், 35. ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பயணம். விமானமும் தங்கலும் சேர்ந்து 20 என்று நானே கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 55. நாற்பத்தைந்து மிச்சம், காலமும் பாதி. யாருக்குத்தான் ஆசை வராது?

அந்தத் தட்டை எக்ஸ்ரேயில் எலும்பின் அகலம் தெரியாது. உயரமும் உள்ளது உள்ளபடி தெரியாது, படம் பெரிதாக்கித்தான் காட்டும். முப்பரிமாண ஸ்கேன் இல்லாமல் மேல் கடைவாய்க்கு இம்ப்ளாண்ட் விலை சொல்கிறார் என்றால் அது உத்தேசம், அவ்வளவுதான். இதை எனக்குப் பின்னால்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தைப் போட்டவர் டாக்டரா, விற்பனை ஆளா என்பதைக்கூட நான் கேட்கவில்லை.

போய் இறங்கினேன். வரவேற்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கார் வந்தது, அறை சுத்தமாக இருந்தது, கிளினிக் பளபளவென்று இருந்தது. அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். அப்போதுதான் டாக்டரை முதன்முதலாகப் பார்த்தேன், ஒரு பத்து நிமிடம். எலும்பு குறைவாக இருக்கிறது, சைனஸ் லிஃப்ட் செய்ய வேண்டும், ஆனால் இம்ப்ளாண்ட்டையும் அதே நாளில் வைத்துவிடலாம் என்றார். அப்புறம் முன்பற்களைப் பார்த்து, "ஆறு பல் தேய்ந்து நிறம் மாறியிருக்கிறது. வந்ததுதான் வந்தீர்கள், இதையும் சரிசெய்துகொண்டு போங்களேன். இங்கே கேப் உங்கள் ஊர் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை" என்றார். அது ஒரு 30.

வலி இல்லாத, சொத்தை இல்லாத ஆறு பற்கள். நான் தலையாட்டினேன். இத்தனை நடந்ததிலும் என் மனசை இன்றைக்கும் அறுப்பது அந்தத் தலையாட்டல்தான்.

முன்பற்களை இப்படி அழகாக்க வெனீர், கேப் என்று இரண்டு வழி உண்டு. வெனீர் என்றால் பல்லின் முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் போலச் சீவி ஒரு மெல்லிய தகட்டை ஒட்டுவது. கேப் என்றால் பல்லைச் சுற்றிலும் ராவி ஒரு முளை மாதிரி ஆக்கி அதன்மேல் உறை போடுவது. வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் போய்விடும். எனாமல் திரும்ப வளராது. ஒருமுறை ராவிய பல்லுக்கு ஆயுள் முழுக்க உறை வேண்டும், அந்த உறையையும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். "ஸ்மைல்" என்ற பெயரில் விற்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிய தாள் நாலு பக்கம், பாதி எனக்குத் தெரியாத மொழியில்.

இரண்டாம் நாள் சைனஸ் லிஃப்ட், இரண்டு இம்ப்ளாண்ட். மூன்றாம் நாள் ஆறு பல்லையும் ராவினார்கள். ஆறாம் நாள் கேப் ஒட்டினார்கள். ஒட்டும்போது வலிக்கும் என்று மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். அந்த வாயோடு "கடித்துப் பாருங்கள், சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார்கள். மரத்த வாய்க்கு என்ன தெரியும்? சரி என்றேன். ஏழாம் நாள் விமானம்.

அந்த ஏழாம் நாள் விமானம்தான் என் வாயில் எதை எப்போது செய்வது என்று தீர்மானித்திருக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. சாதாரணமாகக் கேப் போட்டால் ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று போய்ச் சொல்வோம், டாக்டர் தேய்த்துச் சரிசெய்வார். எனக்கு அந்த ஒரு வாரம் கிடைக்கவில்லை. சைனஸ் லிஃப்ட் செய்தவர்களைச் சுமார் இரண்டு வாரம் விமானம் ஏற வேண்டாம், மூக்கைச் சிந்த வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் பொதுவாகச் சொல்வார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது என்பதை மட்டும் சொன்னார்கள். விமானம் கீழே இறங்கும்போது கன்னத்துக்குள் யாரோ ஊசியால் குத்துவது போல வலித்தது. வந்த மூன்றாம் நாள் மூக்கில் துர்நாற்றம், சளியோடு சீழ். காது மூக்கு தொண்டை டாக்டர், ஆன்டிபயாடிக், பத்து நாள் படுக்கை.

அது அடங்கியதும் கடி. முன்பற்கள் முதலில் இடித்தன, கடைவாய் சேரவே இல்லை. காலையில் எழுந்தால் தாடை கனக்கும். மூன்று மாதம் கழித்து ராவிய பற்களில் ஒன்றில் இரவில் வலி பிடித்தது, அடுத்த மாதம் பக்கத்துப் பல்லிலும். ராவும்போது ஏறும் சூடும் அதிர்ச்சியும், அப்புறம் ஓயாமல் இடிக்கிற கடியும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் நரம்பு செத்துவிடலாமாம். நன்றாக இருந்த இரண்டு பற்களுக்குப் புதுக் கேப்பைத் துளைத்து ரூட் கேனல் செய்தார்கள்.

இதற்குள் நாலாம் மாதம் ஒரு இம்ப்ளாண்ட் ஆட ஆரம்பித்தது. விரல் வைத்தாலே தெரிந்தது.

டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளர்வதுதான் இந்த வைத்தியத்துக்கே அடிப்படை. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 1952இல் முயலின் எலும்பில் தற்செயலாக இதைக் கவனித்தார். 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அந்த மனிதர் சாகும்வரை, நாற்பது வருடத்துக்கும் மேல், அந்தப் பற்களோடு வாழ்ந்தார். பிரோனமார்க் வகுத்த முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், எலும்பு மிருதுவாக இருக்கும் மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இன்றைக்குச் சிலருக்கு அன்றே பல் மாட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் அதற்கு எலும்பு பலமாக இருக்க வேண்டும். சைனஸ் லிஃப்ட்டோடு சேர்த்தே இம்ப்ளாண்ட் வைக்க, சொந்த எலும்பு நாலைந்து மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும் என்பார்கள், இம்ப்ளாண்ட் ஆடாமல் பிடித்து நிற்க அவ்வளவாவது தேவை. என் பழைய ஸ்கேனை எங்கள் டாக்டர் எடுத்து அளந்து காட்டினார். அந்த இடத்தில் எனக்கு இருந்தது மூன்று மில்லிமீட்டர் போல. முதலிலேயே அவர் ஆறேழு மாதம் தனியாகக் கேட்டது அதற்காகத்தான். நான் அதை இழுத்தடிப்பு என்று நினைத்தேன்.

கிளினிக்குக்குச் செய்தி அனுப்பினேன். பணம் கட்டும் முன் நிமிடத்தில் பதில் சொன்ன அதே பெண்மணி இப்போது இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். "கவலை வேண்டாம், வாழ்நாள் உத்தரவாதம் இருக்கிறது, வாருங்கள், இலவசமாகச் செய்கிறோம்" என்றார். உத்தரவாதத் தாளை அன்றுதான் வரி வரியாகப் படித்தேன். பல் இலவசம். விமானம், தங்கல், லீவு எல்லாம் என் செலவு. வேறு டாக்டர் கை வைத்தால் உத்தரவாதம் ரத்து. வருடா வருடம் அங்கே போய்ச் சோதித்துக்கொள்ளாவிட்டாலும் ரத்து. வலி தாங்காமல் இங்கே ரூட் கேனல் செய்துகொண்ட அன்றே முன்பற்களுக்கு அது செத்துவிட்டது. பயணக் காப்பீட்டையும் கேட்டுப் பார்த்தேன். திட்டமிட்டுப் போய்ச் செய்துகொண்ட சிகிச்சைக்கும் அதனால் வரும் சிக்கலுக்கும் தரமாட்டோம் என்றார்கள்.

இருந்தும் இரண்டாம் பயணம் போனேன், டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதே. ஆடியதைக் கழற்றினார்கள், மற்றதில் கேப் மாட்டினார்கள், மூன்றாம் முறை வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. ஆறு மாதத்தில் மாட்டிய அந்த ஒரு கேப்பின் திருகு தளர்ந்தது. சின்ன வேலை, முடுக்கிவிட்டால் போதும். ஆனால் உலகத்தில் நூற்றுக்கணக்கான இம்ப்ளாண்ட் கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் திருகும் கருவியும் வேறு. என் இம்ப்ளாண்ட் எந்த கம்பெனி, என்ன அளவு என்று என்னிடம் ஒரு தாளும் இல்லை. கேட்டுக் கேட்டு ஐந்து வாரம் கழித்து ஒரு பெயரை அனுப்பினார்கள். அதற்குள் இரண்டு டாக்டர்கள் "வேறொருவர் செய்த வேலையில் கை வைத்து ஏதாவது ஆனால் பழி என்மேல் வரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் திட்டம் 35, இரண்டு பயணம் 20, நான் தேடிப் போகாத ஆறு கேப் 30. இங்கே வந்து செய்த ரூட் கேனல், ஸ்கேன், மருந்து, இரவில் பல்லில் மாட்டும் பாதுகாப்பு உறை எல்லாம் சேர்ந்து 20. தோற்ற இடத்தில் மறுபடி எலும்பு வைத்து இம்ப்ளாண்ட் போட 50. மொத்தம் 155. சம்பளமில்லா லீவு இதில் இல்லை.

வெளிநாட்டு டாக்டர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரியாவிலிருந்து எல்லை தாண்டி ஹங்கேரியின் ஷோப்ரோன் போன்ற ஊர்களுக்குப் பல் கட்டிக்கொள்ளப் போவது எத்தனையோ காலமாக நடக்கிறது. மெக்சிகோ எல்லையில் லாஸ் அல்கோடோனெஸ் என்ற ஊர், வாழ்பவர்கள் சில ஆயிரம் பேர், பல் டாக்டர்கள் மட்டும் சில நூறு. அமெரிக்கர்கள் எல்லையை நடந்தே கடந்து போகிறார்கள். நன்றாக நடந்து முடிந்தவர்களும் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் அவர்களில் பலருக்குக் கடி இடித்தால் அடுத்த வாரமே காரில் திரும்பிப் போக முடியும். உங்களுக்கும் கிளினிக்குக்கும் நடுவில் பத்து மணி நேர விமானம் இருந்தால் கதை வேறு. ஒரு பல்லுக்கு ஒரு கேப் போன்ற ஓரிரு வேலைக்கு, வேறு காரணமாக எப்படியும் அங்கே ஒரு மாதம் தங்கப் போகிறவருக்கு, மிச்சம் உண்மையிலேயே மிச்சம்தான். ஈறு நோய், சர்க்கரை, புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இம்ப்ளாண்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம், அவர்கள் தூரம் போவதை நான் வேண்டவே வேண்டாம் என்பேன்.

போயே ஆக வேண்டும் என்றால், முப்பரிமாண ஸ்கேனை இங்கேயே எடுத்து அனுப்பி, வேலை செய்யப் போகிற டாக்டரோடு நேரடியாகப் பேசிவிட்டுப் போங்கள். எத்தனை பயணம், நடுவில் எத்தனை மாதம் என்று எழுத்தில் வாங்குங்கள். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். இம்ப்ளாண்ட் டப்பாவில் கம்பெனி பெயரும் அளவும் லாட் எண்ணும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதைக் கேட்டு வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். ஊரில் ஒரு டாக்டர் "வந்தபின் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அங்கே போனபின் புதிதாக எதையாவது சேர்க்கச் சொன்னால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஊருக்கு வந்து யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் என் ஆறு பற்கள் இன்றைக்கு முழுசாக இருந்திருக்கும்.

போன் செய்தவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, முதல்ல உங்க டாக்டர்கிட்ட என் ஸ்கேனைக் காட்டலாமா?" என்று கேட்டார். வியாழக்கிழமை கூட்டிப் போகிறேன். எனக்கும் அன்று பார்க்க வேண்டும். எலும்புத் தூள் வைத்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் நாலு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.