கட்டணம் ஏறிய பிறகு எங்கள் குடிநீர், கழிவுநீர்ச் சேவை

தண்ணீரில் குறையில்லை. மாடிக் குழாயிலும் கலங்கல் இல்லாமல் நல்ல வேகத்தில் வருகிறது. பழைய குழாய்களை மாற்றப் பணம் வேண்டும், சரி, கட்டணம் ஏறட்டும். ஆனால் பில் போடும் விதம் நியாயமே இல்லை. கழிவுநீருக்குத் தனி மீட்டர் கிடையாது. வீட்டுக்குள் 1 கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர் வந்தால், அத்தனையும் சாக்கடைக்குப் போனதாகவே கணக்கு. செடிக்கு ஊற்றியதற்கும் சேர்த்துக் கட்டுகிறேன். எவ்வளவு புழங்கினாலும் மாறாத நிலைக்கட்டணமும் ஏறிவிட்டதால் சிக்கனமாகப் புழங்குபவருக்குத்தான் அதிக வலி. இதை மாற்றியே ஆக வேண்டும்.

அப்புறம், கசிந்து வீணாகும் தண்ணீருக்கும் பில் கட்டாமல் இருக்க, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சின்ன முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. அப்படியானால் முதலில் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்து விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் நிறம் இறங்கினால், தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் மூடியை உடனே மாற்றிவிடுங்கள்.