ரீபூட்டுக்கு அப்புறம் ரெய்டு கார்டு வரலையா: அதே கார்டா, சாஃப்ட்வேர் ரெய்டா?

சர்வர் ரீபூட் ஆனதும் ரெய்டு கார்டு (பல டிஸ்க ஒண்ணா சேத்து நடத்துற கார்டு) தெரியலன்னா முதல்ல ஷட்டவுன் பண்ணி பவர் கேபிளையும் கழட்டிட்டு, கார்ட எடுத்து திரும்ப நல்லா அழுத்தி மாட்டி, லைனக்ஸ்ல எல்எஸ்பிசிஐ (மாட்டியிருக்க கார்டுகள லிஸ்ட் போடுற கமாண்டு) அடிச்சுப் பாருங்க, வேற ஸ்லாட்லயும் லிஸ்ட்ல வரலன்னா பெரும்பாலும் கார்டு போச்சு. போன மாசம் எனக்கு அப்படித்தான், எட்டு டிஸ்க்லயும் பச்ச லைட்டு எரியுது, ஓஎஸ்ல ஒண்ணுகூட இல்ல, வயித்த கலக்கிருச்சு.

இப்போ அதே கார்டு வாங்குறதா, இல்ல சாதா எச்பிஏ (ரெய்டு பண்ணாம டிஸ்க அப்படியே ஓஎஸ்க்கு காட்டுற கார்டு) போட்டு எம்டிஏடிஎம்-க்கு (லைனக்ஸோட சாஃப்ட்வேர் ரெய்டு) மாறுறதா?

டேட்டா
அதே கார்டு: டிஸ்க்ல இருக்க பழைய கான்ஃபிக் 'ஃபாரின்'னு (வேற கார்டோடதுன்னு) காட்டும், இம்போர்ட் குடுத்தா வந்துரும். தயவுசெஞ்சு கிளியர் குடுத்துறாதீங்க, இனிஷியலைஸும் வேணாம், அத பண்ணிட்டு அழுதவங்க நிறைய பேர்.
எம்டிஏடிஎம்: பெரும்பாலும் பேக்கப்ல இருந்துதான் ஏத்தணும்.

செலவு
கார்டு: விலை ஜாஸ்தி, அதோட கேஷுக்கான பேட்டரியும் பாத்துக்கணும்.
எச்பிஏ: பழசு கம்மி விலைக்கே கிடைக்கும்.

வேகம்
கார்டு: பேட்டரி கேஷ் இருந்தா ரெய்டு 5-ல எழுதுற வேகம் நல்லாருக்கும்.
எம்டிஏடிஎம்: ரெய்டு 1, 10-னா பெருசா வித்தியாசம் தெரியாது.

மறுபடி போனா
கார்டு: அதே குடும்பத்து கார்டு தேடி அலையணும்.
எம்டிஏடிஎம்: டிஸ்க கழட்டி வேற லைனக்ஸ் மெஷின்ல மாட்டினாலும் அசெம்பிள் ஆயிரும், நான் மாறுனதே இதுக்குத்தான்.

பேக்கப் இல்லாதவங்க யோசிக்காம அதே கார்டு வாங்குங்க. ஈஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரோட விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓட்டுறவங்களும் அப்படித்தான், அதுல எம்டிஏடிஎம் மாதிரி சாஃப்ட்வேர் ரெய்டு கிடையாது. பேக்கப் இருக்கு, லைனக்ஸ்தான்னா எச்பிஏ பக்கம் வந்துருங்க.